வேக்குவம் கிளீனரின் வளைந்த முதுகு

டொலிடோ, ஒஹாயோ
மார்ச் 12, 1959

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. ஹார்லன் ப்ரூக்ஸ் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மூன்று நாட்களாக ஓட்ஸ் கஞ்சி மட்டுமே குடிக்கிறேன். காரணம் தங்கள் கடிதம். எங்கள் தொழிற்சாலையின் 1934-ஆம் ஆண்டு வேக்குவம் கிளீனருக்குச் சிகாகோவில் தங்கள் இதழ் நடத்தும் விருந்தில் பதக்கம் என்றும், அதன் முதுகு வளைவு எனக்கு எப்படித் தோன்றியது என்று நானூறு வடிவமைப்பாளர்கள் முன் நான் இருபது நிமிடம் பேச வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கள் இதழ் அதைப் 'பாயப்போகும் வேட்டைநாயின் முதுகு' என்று வருணித்தது. எனக்கு நாய் என்றாலே பயம்.

ஐயா, அந்த வளைவு எனக்குத் தோன்றவே இல்லை. நான் வரைந்தது ரொட்டிப் பெட்டி மாதிரி நேர்முதுகு. அதை முழு அளவில், சூடு பட்டால் இளகும் மெழுகு கலந்த களிமண்ணில் செய்து, வெள்ளிக்கிழமை மாலை தூசி படாமல் துணி போர்த்தித் தரையில் வைத்துவிட்டுப் போனேன். பக்கத்தில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் இருந்ததைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை துணியை எடுத்தால் நடுவில் குழி. அந்த மாதம்தான் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஏழாவது ஆள் நான்தான் என்று கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன், அதற்குள் தலைமை வடிவமைப்பாளர் வோகல் வந்து மாதிரியை இரண்டு முறை சுற்றினார்.

"யாருய்யா இதைப் பண்ணினது?"

"நான்தான் சார். தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாம நடந்தாத்தான்யா கலை. உன்னைப் பெட்டி செய்யிற ஆளுன்னுல்ல நினைச்சேன்."

அடுக்கிய கருவிகளைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன். அவர் அந்த வளைவைப் பற்றிப் புத்தகம் எழுதினார், கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள், இஸ்திரிப் பெட்டிக்கும் டோஸ்டருக்கும் அதுவே பரவி, சின்சினாட்டியில் ஒருவர் சவப்பெட்டி மூடிக்கும் போட்டுவிட்டார். குற்ற உணர்ச்சி தாங்காமல் ஏழு மாதிரிகளை அதே குழாயருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் குழியவில்லை. வோகலுக்கு இப்போது எண்பத்தொன்று. முதல் வரிசையில் உட்காரப்போகிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்லவோ அந்த அளவுகூட இல்லை. ஆகவே பதக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, இக்கடிதத்தை எரித்துவிடுங்கள்.

தங்கள் இதழும் குடும்பமும் ஒரு கோணலும் இல்லாமல் வாழ வாழ்த்தும்,
எல்மர் ஸ்டாடர்

பி.கு.: பிழை பார்க்க இதை என் மனைவி லொரெட்டாவிடம் கொடுத்தேன். அவள் பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை, நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க எங்கள் தொழிற்சாலையின் மாதிரிக் கூடத்துக்குப் போனாளாம். பூட்ஸுக்குள் பனி. கழற்றி உதறுவதற்காகத் துணி போர்த்திய எதன் மேலோ உட்கார்ந்தாளாம்.

"கால் மணி நேரம் உட்கார்ந்தேன், எல்மர். இத்தனை வருஷமும் அது மெத்தை வெச்ச ஸ்டூல்னுதான் நினைச்சேன். ரொம்ப சொகுசா இருந்துச்சு."

ஆகவே மேற்கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். நாங்கள் இருவரும் வருகிறோம். வளைவு தன்னுடையதாம், இருபது நிமிடமும் தானே பேசுவாளாம், அது எப்படி உண்டானது என்று செய்தும் காட்டுவாளாம், அதற்கு மேடையில் தொண்ணூறு பவுண்டு களிமண் வேண்டுமாம். பதக்கத்தை அவள் பெயருக்கே எழுதிவிடுங்கள். களிமண் மட்டும் சிகாகோவில் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், ஐயா.