தட்டில் ஒரு நட்டு மிச்சம்

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு, மலைமேல் வானாய்வுக்கூடத்தின் பராமரிப்பு மெக்கானிக்கும் தங்களின் ஒரே மைத்துனனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். 'நலம்' என்ற சொல் தங்கள் கண்ணுக்கு 'நிலம்' என்று தெரிந்தால் அது என் கை நடுக்கத்தின் பிழை. நலம் என்றே படித்துக்கொள்ளவும். தங்கள் பைண்டிங் கடை நன்றாக நடக்கிறதா, முழங்கால் வலி குறைந்ததா என்பதை அறிய ஆவல். சென்ற முறை தாங்கள் இருவரும் மலைக்கு வந்திருந்தபோது நான் பிரித்து மாட்டிக் கொடுத்த அக்காவின் ஸ்கூட்டர், முன்சக்கர ஆட்டமெல்லாம் நின்று சத்தமே இல்லாமல் ஓடுவதாக அக்கா போனில் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. லைசென்ஸ் வைத்திருந்தும் தங்கள் கையில் அவள் இன்னும் சாவியைக் கொடுப்பதில்லை என்பதும், தாங்கள் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே கடைக்குப் போய்வருவதும் வருத்தம்தான். என்றோ ஒரு நாள் கேட்டில் இடித்ததற்கு இத்தனை வருடத் தண்டனை அதிகம். மேலும் அக்கா வழக்கம்போல, "நட்சத்திரம் பாக்குற இடத்துல சம்பளம் வாங்குற, கூடப்பிறந்தவ நட்சத்திரத்துக்கு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லத் துப்பில்ல" என்று கேட்டாள். நாங்கள் பார்ப்பது அந்த நட்சத்திரம் இல்லை என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன். அவளும் வழக்கம்போல போனை வைத்துவிட்டாள்.

இக்கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல், காய்கறி வேன்காரர் மூலம் தங்கள் கடைக்குக் கொடுத்தனுப்புவதன் காரணம் தாங்கள் அறிந்ததே. வீட்டு போனை எடுப்பதும் அக்கா, தங்கள் செல்போனை எடுப்பதும் அக்கா, கடையிலோ போனே கிடையாது. இதைப் படித்ததும் கிழித்துவிடவும். கிழித்ததைக் கடைக் குப்பையில் போடாமல், வழியில் எங்காவது போடவும்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு பயமா இருக்கு அத்தான். சோறு இறங்கல, தூக்கம் பிடிக்கல, யாராவது பின்னாலிருந்து "மெக்கானிக்"னு கூப்பிட்டா நெஞ்சு பொசுக்குனு நின்னு அப்புறம் ஓடுது. காரணத்தைச் சொன்னா சிரிக்கக் கூடாது. மழைக்காலத்துல வானம் மூடிக் கிடக்குமே, அப்பத்தான் எங்க பெரிய தொலைநோக்கிக்கு வருஷ சர்வீஸ். பெரிசு, பெரிசுன்னுதான் நாங்க அதைக் கூப்பிடுவோம். அதோட குழாய்க்கு அடியில ஒரு வட்டக் கண்ணாடி இருக்கு, அதுதான் அதுக்கு உசிரு. சங்கிலிக் கப்பி போட்டு அதை இறக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி கழுவி, துடைக்காம காய வச்சு, திரும்ப ஏத்தி மாட்டணும். கழட்டுற நட்டையெல்லாம் ஒரு தட்டுல போடுறது, மாட்டும்போது அதே தட்டுலேர்ந்து எடுக்கிறது. தட்டு காலியானா வேலை முடிஞ்சுது. நான் தொழில் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து இதுதான் என் கணக்கு, எனக்கு வேற கணக்கு தெரியாது. இந்தத் தடவையும் அப்படித்தான் எல்லாத்தையும் மாட்டி, முடுக்கி, கையைத் துடைச்சுக்கிட்டே தட்டைப் பாத்தேன். ஒரு நட்டு கிடக்கு.

மெக்கானிக்கா இல்லாதவங்களுக்கு இதோட பயங்கரம் புரியாது. நட்டு குறைஞ்சா கடையில போய் வாங்கிக்கலாம். மிச்சமானா எங்க போய்க் கேக்குறது? அதைவிடப் பெரிய கொடுமை என்னன்னா, பெரிசு இப்ப முன்ன எப்பவும் இல்லாத அளவுக்கு அருமையா வேலை செய்யுது. திருப்பினா திரும்புது, நிமித்தினா நிமிருது, ஒரு முனகல் இல்ல. ஏதாவது ஒரு சின்ன கோளாறு வந்திருந்தா அந்த இடத்துல தேடலாம். எதுவுமே வராம, ஒரு நட்டு இல்லாமலே இது இவ்வளவு ஒழுங்கா நடந்துக்குதுன்னா, மனசுல ஏதோ வச்சிருக்குன்னுதானே அர்த்தம்? நட்டை சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அன்னையிலேர்ந்து அது நெஞ்சுக்கு நேரா கனக்குது.

நேரா போய் டைரக்டர் மேடத்துக்கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அவங்க குரலை உயர்த்தவே மாட்டாங்க அத்தான், அதான் பயம். "அப்படியா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்வாங்க, கேட்டவன் பெட்டியைக் கட்டிருவான். அதோட, சொன்னா எல்லாத்தையும் மறுபடி பிரிக்கணும். அதுக்குள்ள தெளிஞ்ச வானம் கையை விட்டுப் போயிரும், பெரிசுல பாக்குறதுக்குப் போன வருஷத்துலேர்ந்தே வரிசையில காத்துக்கிடக்கிற விஞ்ஞானிங்க எல்லாரும் என்னைத் தேடுவாங்க, வேலையோட சேர்த்து இந்த குவார்ட்டர்ஸ் வீடும் போயிரும். அதனால யாருக்கும் தெரியாம நானே கண்டுபிடிச்சு மாட்டிடலாம்னு நினைச்சேன். அங்கதான் சனி பிடிச்சுது. நான் சொல்றது நாங்க குழாய்ல பாக்குற சனி இல்ல.

முதல்ல கண்ணாடி இருக்கிற இடத்துக்குக் கீழ புகுந்து, டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு போல்ட்டா தடவினேன். எல்லாத்துலயும் நட்டு இருக்கு. அப்ப கூரையிலதான் போயிருக்கணும்னு முடிவு பண்ணி டோமுக்கு மேல ஏறினேன். டோம்னா எங்க வட்டக் கூரை, அது சக்கரத்து மேல உருண்டு சுத்தும். அந்தச் சக்கரத்தையெல்லாம் தடவிப் பாத்ததுல என் முழங்கை பட்டு நிறுத்துற சுவிட்சு விலகிடுச்சுபோல, எனக்குத் தெரியாது. எங்க எலெக்ட்ரீஷியன், எது கெட்டாலும் பியூஸ் போயிருச்சுன்னே சொல்றதால பியூஸ்னு பேர் வாங்கினவர், அந்த நேரம் பாத்து கூரையோட ஒட்டின ஏணியில நின்னு லைட் மாத்திக்கிட்டிருந்தார். நான் இறங்கி வந்து பட்டனை அழுத்தினேன். கூரை சுத்த ஆரம்பிச்சுது, பியூஸும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சார், ரெண்டுமே நிக்கல. முதல் சுத்துல என்னைக் கடந்தப்ப என்னைத் திட்டினார். ரெண்டாவது சுத்துல என் பரம்பரையைத் திட்டினார், அத்தான், அதுல நீங்க வரல, அக்கா வந்தா. மூணாவது சுத்துல குரல் மாறிப்போய், "வேற ஏதாவது சுவிட்சு இருக்கும் பாருப்பா, நல்லா இருப்ப"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சுட்டார். மெயினையே பிடுங்கித்தான் நிறுத்தினேன். கீழ இறங்கினவர் நேரா நடக்கணும்னு நினைச்சு சுவத்துல போய் முட்டிக்கிட்டு, "பியூஸ் போயிருச்சு"ன்னார். அது மெயினையா தன்னையான்னு தெரியல.

அடுத்தது கேமராவைக் குளிர வைக்கிற பம்பு. மூடியைக் கழட்டின உடனே தண்ணி பீச்சியடிச்சு என்னையும் சுவத்துல மாட்டியிருந்த கோள்கள் படத்தையும் நனைச்சிருச்சு. அப்புறம் எனக்கே வெறி பிடிச்சிருச்சு அத்தான். கண்ணுல பட்ட போல்ட்டுல எல்லாம் அந்த நட்டை வச்சுப் பாத்தேன். கேன்டீன் மேஜை, வாசல் கேட், ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்ட். எல்லா இடத்துலயும் அளவு பொருந்துது, எல்லா இடத்துலயும் ஏற்கெனவே ஒரு நட்டு இருக்கு. வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டி, அதான் உங்க தங்கச்சிக்கிட்ட சொன்னா, அடுப்படியிலேர்ந்து தலையை மட்டும் நீட்டி, "மெஷின்ல ஒண்ணும் கழண்டிருக்காதுங்க, உங்களுக்குத்தான் நட்டு கழண்டிருக்கு. மண்டையில வச்சு முடுக்கிப் பாருங்க, கச்சிதமா உட்காரும்"ங்கிறா. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல இந்த மலையில ஆள் இல்ல.

நேத்து டைரக்டர் மேடம் நாற்காலிக்கு அடியில மல்லாந்து படுத்து அதோட போல்ட்டைத் தடவிக்கிட்டிருக்கேன், ரெண்டு செருப்பு வந்து நிக்குது. "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. நாற்காலிக்கு அடியில படுத்திருக்கிறவன் என்ன சொல்ல முடியும்? "சர்வீஸ் மேடம்"னேன். இத்தோட முடிஞ்சுதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். "டோமுக்கு மேல ஏறுனீங்க, பம்பைப் பிரிச்சீங்க, கேட்டைக்கூட விடலன்னு வாட்ச்மேன் சொன்னார். இப்படி ஒரு பொறுப்பான ஆளை நான் பாத்ததில்ல"ங்கிறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு, அதையும் அவங்க பணிவுன்னு எடுத்துக்கிட்டாங்க. அதோட விட்டிருக்கலாம். மழை விட்டு நாளன்னிக்கு சாயங்காலம் பெரிசை முதல் தடவையா திறக்கிறோம். மத்த நாள்ல எல்லாரும் பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர்லதான் பாப்பாங்க. முதல் நாள் மட்டும் மேடம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு குழாய்க்கு நேர் கீழ உட்காருவாங்க, அது அவங்க வழக்கம். "இந்த வருஷம் நீங்களும் என் பக்கத்துல உட்காரணும், இது உங்களுக்கு நான் செய்ற மரியாதை"ன்னுட்டாங்க. எதுக்கு அடியில? அந்தக் கண்ணாடிக்கு அடியில. நான் மாட்டின கண்ணாடிக்கு அடியில. பியூஸ் உடனே ஓடிப்போய் ரெண்டாவது ஸ்டூலைத் துடைச்சு வச்சுட்டார். அந்த ஆளுக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல.

அத்தான், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். நாளைக்குக் காலையில பக்கத்துக் கடையிலேர்ந்து எங்க ஆபீஸுக்கு போன் பண்ணி, ஸ்கூட்டர்ல போகும்போது கீழ விழுந்துட்டோம், கால் முறிஞ்சிருச்சு, மச்சான் உடனே வரணும்னு சொல்லுங்க. குரல்ல கொஞ்சம் வலி இருக்கட்டும். மேடம் துருவிக் கேப்பாங்க, அதனால முன்சக்கரம் தனியா கழண்டு உருண்டு போயிருச்சுன்னு சேத்துக்குங்க, நம்புற மாதிரி இருக்கும். மெக்கானிக் பக்கத்துல இல்லாம முதல் நாள் பெரிசைச் சாய்க்கக் கூடாதுன்னு இங்க விதி இருக்கு. நான் உங்க வீட்டுக்கு வந்துட்டா அவங்களும் அடியில உட்கார மாட்டாங்க, ரெண்டு உசிரு தப்பும். நாலு நாள் உங்க மாடி ரூம்ல யார் கண்ணுலயும் படாம இருந்துக்கிறேன், அதுக்குள்ள நட்டுக்கு ஒரு வழி தோணும். அக்கா கேட்டா லீவுன்னு சொல்லிக்கலாம். இந்த உலகத்துல எனக்குப் பாதுகாப்பான இடம்னா அது உங்க வீடு ஒண்ணுதான்.

அக்காவிற்கு என் அன்பைத் தெரிவிக்க வேண்டாம். தெரிவித்தால் கடிதம் வந்தது தெரிந்துவிடும். தாங்கள் இருவரும் கை கால் சுகத்துடன், எலும்பு ஒன்றுக்கும் குறைவின்றி, பல்லாண்டு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டி, தங்கள் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்து, விழுந்து வணங்கும்,

தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதின எதையும் செய்யாதீங்க. போன் பண்ணாதீங்க. கண்ணாடிக்கு ஒண்ணும் இல்ல, பெரிசுல ஒரு குறையும் இல்ல. கடிதத்தை மடிக்கும்போது உங்க தங்கச்சி வந்து நட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏங்க, கண்ணாடி இறக்கின அன்னைக்குத்தானே அதே பெஞ்சுல வச்சு அண்ணியோட வண்டியையும் பிரிச்சீங்க? தட்டு ஒண்ணுதானே இருந்துது?"ன்னு கேட்டா. என் காலுக்குக் கீழ தரையே இல்ல. அது முன்சக்கர அச்சோட மேல் நட்டு. கீழ இருக்கிற நட்டு சக்கரத்தைப் பிடிச்சிருக்கும், மேல் நட்டு அந்த நட்டைக் கழலாம பிடிச்சிருக்கும். இப்ப கீழ் நட்டு மட்டும் தனியா, என்னை நம்பி, இத்தனை நாளா அக்காவையும் உங்களையும் சுமந்துக்கிட்டுத் திரியுது.

உடனே வீட்டுக்கு போன் பண்ணேன். அக்கா எடுத்தா. "ஸ்கூட்டரை எடுக்காத அக்கா"ன்னேன். ஏன்டான்னா. நட்டை விட்டுட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவ குரலைக் கேட்டதும் வேற வார்த்தை வந்துருச்சு. "உன் நட்சத்திரத்துக்கு இந்த வாரம் ரெண்டு சக்கரம் ஆகாது"ன்னுட்டேன். அவ, சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல்னா பேசுவாளே, அந்தக் குரல்ல, "மெஷின்லயே பாத்தியாடா?"ன்னு கேட்டா. பாத்தேன்னேன். "பெரிய மெஷின்லயா?"ன்னா. ஆமான்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் உனக்கு என்மேல பாசம் வந்துது. சரி, நான் தொடல. உங்க அத்தானுக்குத்தான் வேற நட்சத்திரமாச்சே, சாவியை அவர்கிட்டயே குடுத்துர்றேன், சாயங்காலம் கடையிலேர்ந்து வந்ததும் அவரே ஓட்டட்டும்"னு சொல்லி போனை வச்சுட்டா. திரும்பத் திரும்பக் கூப்பிடுறேன், யார்கிட்டயோ என் பெருமையைப் பேசிக்கிட்டிருக்கா, லைன் கிடைக்கல.

அத்தான், சாவி கைக்கு வந்த சந்தோஷத்துல வண்டியை உதைச்சிராதீங்க. இந்தக் கவருக்குள்ள நட்டு இருக்கு, தெருமுனை மெக்கானிக்கிட்ட குடுத்து முதல்ல மாட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் அக்கா கேட்டால், உங்கள் நட்சத்திரம் அவளுடையதைவிட மோசமாக இருப்பதாக நான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லவும். வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். மாடி ரூம் எனக்கு வேண்டாம்.