ஒழுகும் கூரையின் இலக்கிய முக்கியத்துவம்

உலகில் நகரங்கள் இரண்டே வகை: மனிதர்கள் குடியிருப்பவை, நாவலில் இடம்பெறுபவை. இரண்டாவதே உயர்ந்தது என்று ஐயந்திரிபற நிறுவியவர் நம் பேராசிரியர். கோட்டை மதிலை ஒட்டிய பழைய தெருதான் நம் ஊரைப் பற்றி யாரோ எழுதிய அந்த மாபெரும் நாவலின் 'உண்மையான கதாநாயகன்' என்றும், அதன் ஒழுகும் கூரைகளே நாவலின் 'ஆன்மா' என்றும் அவர் எழுதிய ஆய்வு நூலைப் படித்து நகராட்சியே மெய்சிலிர்த்தது. சிலிர்த்த கையோடு அவருக்கு ஒரு பதக்கத்தை அறிவித்தது. அந்தத் தெருவில் இனி ஓர் ஓட்டையைக்கூட அடைக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டது.

அந்தத் தெருவில்தான் அவருடைய தங்கை குடியிருந்தாள். மழைக்காலம் வந்தது.

"அண்ணா, கட்டில் மேலயே ஒழுகுது. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருக்கு. ஓடு மாத்த வந்த கொத்தனாரை நகராட்சி ஆளுங்க துரத்திட்டாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

பேராசிரியர் உடனே நகராட்சியின் பாரம்பரியப் பிரிவுக்குப் போனார். அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார்.

"எந்த ஓட்டைங்க ஐயா?"

"கட்டிலுக்கு மேல இருக்கறது."

அதிகாரிக்குக் கண் கலங்கியது. "எட்டாம் அத்தியாயம். 'ஒவ்வொரு சொட்டும் ஒரு வரலாறு'ன்னு நீங்கதானே எழுதினீங்க? அதுமேல சிமென்ட் பூசச் சொல்றீங்களே."

"கொஞ்சமாத்தான்."

"தாராளமா பூசலாம். அந்த ஒழுகலுக்கு ஒரு அர்த்தமும் இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க. பதக்கத்தையும் நிறுத்திடறோம்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பேராசிரியருக்கும் ஆடியது. மேடையும் கைதட்டலும் கண்முன் வந்ததும் சதை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

"அதுக்கு அர்த்தம்..." என்று இழுத்தவர், "ரொம்ப ஆழமானது" என்று முடித்தார்.

தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஒரு புது வாளி வாங்கிப் போனார். கட்டிலைத் தானே நகர்த்தி, வாளியை வைத்து, அண்ணாந்து பார்த்து, தன்னையறியாமல் "அற்புதம்" என்றார்.

பிள்ளை இருமியது. அதன் தலையைத் துவட்டிக்கொண்டே தங்கை கேட்டாள்:

"அண்ணா, அந்தக் கதையில இந்த வீட்டுல யாரு குடியிருந்தா?"

"யாருமில்லம்மா. பாழடைஞ்ச வீடு."

"உங்க வீட்டுல ஒழுகுது, காகிதமெல்லாம் நனையுதுன்னு இங்க வந்து உக்காந்துதானே நீ அந்தப் புத்தகத்தை எழுதினே?"

"ஆமா."

"அப்பல்லாம் இங்க ஒரு சொட்டு ஒழுகல."