பத்துமினிட்டு அண்ணாச்சி சுட்ட டம்ளர் பன்

உலகத்துச் சமையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய்களை ஒரு தட்டிலும், எங்கள் பத்துமினிட்டு அண்ணாச்சி சொன்ன ஒரே பொய்யை மறு தட்டிலும் வைத்தால், அண்ணாச்சியின் தட்டுதான் தரையைத் தொடும். அந்தப் பொய் இதுதான்: “பத்து மினிட்டு, மக்களே. இப்பம் ஆயிரும்.”

எழுபதுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் தற்காலிக குமாஸ்தா. தம்பானூரில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு லாட்ஜின் மாடியில், என்னைப் போன்ற கல்யாணமாகாத ஜன்மங்களோடு வாசம். லாட்ஜின் பின்கட்டில் மெஸ். அதன் சக்கரவர்த்தி, மந்திரி, சேவகன் மூன்றும் அண்ணாச்சிதான். களியக்காவிளைப் பக்கத்துக்காரர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது; கேட்டால் அதற்கும் பத்து நிமிஷம் ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

தோசை கேட்டால் “பத்து மினிட்டு” என்பார். எட்டிப் பார்த்தால் அப்போதுதான் அரிசியை ஊறப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை மெட்ராஸ் வண்டி பிடிக்க வேண்டிய ஒருவர் ஆப்பம் கேட்டார். வண்டி போய்விட்டது. மனிதர் மறுநாள் வண்டியில்தான் ஏறினார். போகிற போக்கில், “இருந்தாலும் ஆப்பம் கொள்ளாம்” என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை அடுப்படியின் ஓலைக்கூரை தீப்பிடித்தது. வெளியே ஓடி வரும்படி தொண்டை கிழியக் கத்தினோம். “பத்து மினிட்டு, சாம்பாரை இறக்கிட்டு வாறேன்!” என்று புகைக்குள்ளிருந்து பதில் வந்தது. சாம்பாரோடுதான் வந்தார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு கண்டம் வந்தது. அது தகர டப்பா வடிவத்தில் துபாயிலிருந்து வந்தது.

லாட்ஜ் முதலாளி மலையாளி. நல்லவர்தான், ஆனால் சொந்த மெஸ்ஸில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய மைத்துனர், கூலிங்கிளாஸைக் கழற்றாமலே மெஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தோசைக்கு இத்தனை நேரமா என்று முகம் சுளித்தார். துபாயில் இதுதான் காலைப் பலகாரம் என்று சொல்லி, ஜாம் பன்னுக்கான ரெடிமேட் மாவு டப்பா ஒன்றையும் ஒரு ஜாம் பாட்டிலையும் மேஜையில் வைத்தார். இதைக்கூடச் செய்யத் தெரியாதவனுக்கு எதற்கு அடுப்படி, இடத்தைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாமே என்று முதலாளியின் காதில் ஓதினார்.

முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

“திங்களாழ்ச்ச காலத்த எட்டு மணிக்கு இந்தச் சாதனம் மேஜைக்கு வரணும். வந்தா அடுக்களை உமக்கு. இல்லெங்கில் தையல்காரனுக்கு.”

அண்ணாச்சி தூங்குவதும் விழிப்பதும் அந்த அடுப்படியில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துத்தான். வேறு போக்கிடம் கிடையாது. அவரோ டப்பாவை என்னிடம் நீட்டி, “இங்கிலீஷ்ல என்னவாம் எழுதியிருக்கு? வாசி மக்களே” என்றார்.

வாசித்தேன். “மாவுல பால் விட்டு லேசாப் பிசையணும். சின்னதாத் தட்டி, நடுவுல ஜாம் வெச்சு மடிக்கணும். ஓவன்ல பத்து நிமிஷம் சுடணும். அவ்வளவுதான்.”

“எத்தற?”

“பத்து நிமிஷம்.”

“மறுக்கா வாசி.”

மறுபடியும் வாசித்தேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கள்ளத்தரம்! பத்து மினிட்டுல ஆகுற பண்டம் இந்த லோகத்துல உண்டா? யாரை ஏமாத்தப் பாக்குறான்?”

“நீங்க தினமும் அதைத்தானே அண்ணாச்சி சொல்றீங்க?”

“நான் சொல்லுறது ஒங்க சமாதானத்துக்கு. அச்சடிச்சு விக்கிறவன் அப்படிச் சொல்லலாமாடே?”

மாவு என்றால் ராத்திரி முழுக்க இருந்து பொங்க வேண்டும் என்பது அவருடைய வேதம். ஆகவே ஞாயிறு சாயங்காலம் டப்பா மாவு முழுவதையும் பாலில் கரைத்தார். ஆப்பத்துக்குச் செய்கிறபடியே ஒரு கிண்ணம் கள்ளையும் ஊற்றி மூடி வைத்தார். நாங்கள் தடுத்தோம். “பேடிக்கண்டாம், ஒண்ணும் ஆகாது” என்று எங்களைப் படுக்க அனுப்பிவிட்டார்.

காலையில் மாவு மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, ஆட்டுக்கல் வரை நடந்திருந்தது. அதைத் தட்டவும் முடியாது, மடிக்கவும் முடியாது. டப்பாப் படத்தில் அழகாக மடித்த பலகாரங்கள் சிவப்பு ஜாமோடு எங்களைப் பார்த்துச் சிரித்தன. அண்ணாச்சி கொஞ்ச நேரம் படத்தை முறைத்தார். பிறகு மெஸ்ஸில் இருந்த அத்தனை எவர்சில்வர் டம்ளர்களையும் எடுத்து, பாதி மாவு, ஒரு கரண்டி ஜாம், மேலே மறுபடி மாவு என்று நிரப்பினார். ஓவனை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பெரிய வெண்கல உருளியில் மணலைக் கொட்டி, டம்ளர்களை நட்டு, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலை வாரிப் போட்டார். அவர் ஊரில் கிறிஸ்துமஸ் கேக் சுடுவது அப்படித்தானாம்.

டம்ளர் எல்லாம் நெருப்பில் இருந்ததால் எங்களுக்கு டீ கிடையாது.

எட்டு மணிக்கு முதலாளியும் மைத்துனரும் வந்து உட்கார்ந்தார்கள். “எந்தாயி, ஆச்சா?” என்றார் முதலாளி. என்ன பதில் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. மைத்துனர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆபீசுக்குப் போக வேண்டிய நாங்கள் ஒருவரும் நகரவில்லை. அப்போது பாலும் ஜாமும் கள்ளும் கலந்து ஒரு வாசனை கிளம்பியது. அது மட்டும் வராவிட்டால் முதலாளி போயிருப்பார்.

ஒரு வழியாக உருளி திறந்தது. பன் டம்ளரை விட்டு வர மறுத்தது. ஆளுக்கொரு டம்ளரைத் துணியில் பிடித்துச் சுவரில் தட்டினோம். லாட்ஜே அதிர்ந்தது. ஒவ்வொன்றும் முழத்துக்குக் கொஞ்சமே குறைவாக, மேலே பொங்கி வழிந்த தொப்பியோடு வந்து விழுந்தது. மைத்துனர் ஒன்றைக் கடித்தார். உள்ளே பதுங்கியிருந்த ஜாம் பாய்ந்து, துபாய்ச் சட்டையில் இறங்கியது.

“இது அதல்ல!” என்று அலறினார்.

அண்ணாச்சி இடுப்பிலிருந்து அடுப்படிச் சாவியை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தார்.

முதலாளி அதைப் பார்க்கவில்லை. அவர் வாயில் பன் இருந்தது. அதை முடித்து இன்னொன்றை எடுத்தார். அதையும் முடித்து விரலை நக்கிவிட்டு மைத்துனரைப் பார்த்தார்.

“அளியா, துபாய்ப் பலகாரம் துபாயில போய்த் தின்னோ. எனக்கு இது மதி, இது போதும்.” சாவியை அண்ணாச்சியின் பக்கம் தள்ளினார். “நாளைக்கும் எனக்கு இங்கதான் சாப்பாடு.”

அண்ணாச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேர்வையும் கரியுமாக இருந்த அந்த முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. எங்கள் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் தின்னுட்டு மெள்ள ஆபீசுக்குப் போங்க மக்களே. மணி எட்டே கால்தானே ஆச்சு?”

என் கைக்கடிகாரத்தில் பத்தே கால்.

“ஆமா அண்ணாச்சி, எட்டே கால்தான்” என்றோம் எல்லோரும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சரியான மணியைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.