கார்புரேட்டரும் கழுத்துவலியும்

இந்த வாரம் மட்டும் மனைவியிடம் மாட்டிக்கொள்வதில்லை என்று டிரைவர் சபதம் எடுத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். எதிரே லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியும். எதிரே அம்மணி வந்தால் ஒதுங்கப் பக்கமே இருக்காது. அம்மணி என்பது அவர் மனைவிக்கு டிப்போக்காரர்கள் வைத்த பெயர். அவரும் தன்னையறியாமல் ஓரிரு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

இருவரும் ஒரே சமுதாயக் கல்லூரியில் படித்தார்கள். கீழ்த்தளத்தில் வாகனத் தொழில்நுட்பம், அது அவருக்கு. மேல்தளத்தில் ஓவிய வகுப்பு, அது அவளுக்கு. அவருடைய முழங்கால் இனிமேல் கிளட்ச்சை மிதிக்க ஒப்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். படிப்பை முடித்தால் டிப்போ பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை, முடிக்காவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அம்மணிக்கு வேறு கவலை. ஓர் ஆளை நேரில் உட்கார வைத்து வரைந்த படம் ஒன்று கொடுத்தால்தான் அவள் பாஸ். ஆள் என்று வீட்டில் இருந்தது இவர் ஒருவர்தான்.

அவரால் அசையாமல் இரண்டு நிமிஷம் இருக்க முடியாது. பேசாமல் ஒரு நிமிஷம்கூட முடியாது. போன தடவை உட்கார்ந்தபோது அவள் வரைந்த முகத்தில் இரண்டு மூக்கு இருந்தது. தப்பு அவள்மேல் இல்லை.

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். செய்முறைத் தேர்வுக்காகப் பட்டறை ஆசிரியர் ஆளுக்கொரு கிழட்டுக் கார்புரேட்டரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். வீட்டில் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டிக் கொண்டுவந்து எஞ்சினில் மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடினால் பாஸ். ஓடாவிட்டால் அடுத்த வருஷம். ஊரில் வேறு மேசையே இல்லாத மாதிரி, அம்மணி வரைகிற சக்கரம் வைத்த சதுர மேசையை டிரைவர் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் துணி விரித்தார். கழற்றிய வரிசைப்படி, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், முப்பத்தேழு உருப்படிகளை அடுக்கினார். பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள். வரிசை கலைந்தால் போச்சு. அதில் நான்கு திருகுகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், நீளத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம்.

தேர்வு வரைக்கும் இதில் ஒரு திருகைக்கூட யாரும் தொடக்கூடாது என்று அறிவித்தார். மேசை இல்லாமல் அவள் எப்படி வரைவாள்? அவள் வரையாவிட்டால் அவர் ஏன் உட்கார வேண்டும்? அம்மணி மறுபேச்சு இல்லாமல் "சரிங்க" என்றாள். அந்தச் "சரிங்க"விலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, பூட்டுவதற்காக மேசை முன் நின்றார். கடைசியாகக் கழற்றியதைத்தான் முதலில் பூட்ட வேண்டும். அது ஒரு பொடி ஜெட், பெட்ரோல் பீய்ச்சும் துளை வைத்த திருகு, வலது கீழ் மூலையில் இருக்கும். பார்க்காமலே கையை நீட்டினார். கையில் மேல்மூடி வந்தது. முதன்முதலில் கழற்றிய மேல்மூடி.

மூடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மற்றதைப் பார்த்தார். ஸ்பிரிங் இருந்த இடத்தில் வாஷர், வாஷர் இருந்த இடத்தில் மிதவை. வரிசைகள் மட்டும் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தன. இது பூனை செய்த காரியம் இல்லை.

ஜன்னலோரம் அம்மணி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"இதைத் தொட்டியா?"

"ஒரு திருகைக்கூடத் தொடலங்க."

"பின்ன எப்படி எல்லாம் இடம் மாறியிருக்கு?"

"மாறலியே. நீங்க துணியில வெச்ச எடத்துலதான் இருக்கு."

அவர் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை முதல் தடவையிலேயே நம்பிய பழக்கம் அவருக்கு இல்லை. குனிந்து நான்கு திருகுகளையும் முறைத்தார். நான்கும் அண்ணன் தம்பிகளாகத் திரும்பி முறைத்தன. கார்புரேட்டர் அவ்வளவு பழசு, அதற்குப் புத்தகமும் கிடையாது. ஆசிரியரிடம் கேட்கலாமென்றால், வரிசையைத் தொலைப்பவன் என் பட்டறையில் கால் வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொன்ன ஆசாமி அவர். மணி இரண்டரை ஆனது. டிரைவர் பயந்துபோனார். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸை எண்ணும் தன்னைக் கண்ணெதிரே பார்த்தார்.

அப்போதுதான் அம்மணி நிதானமாக ஒரு விஷயம் சொன்னாள். அவர் அடுக்கிய அன்றைக்கே அதை அப்படியே வரைந்து வைத்திருக்கிறாளாம். கண்ணில் பட்டதையெல்லாம் வரையச் சொல்லி அவள் வகுப்பில் உத்தரவாம்.

டிரைவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"தர்றேன். முதல்ல உட்காருங்க," என்றாள். "படம் முடியற வரைக்கும் அசையக்கூடாது, பேசக்கூடாது."

முடிவதென்றால் எவ்வளவு நேரம் என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள், திருப்பினார். மூன்று மணி. மூக்கில் அரித்தது, பொறுத்துக்கொண்டார். நான்கு மணி. கழுத்து மரத்துப்போனது. முப்பத்தேழு உருப்படிகளைப் பூட்ட இனி எத்தனை மணி நேரம் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு வாயைத் திறக்கப் பார்த்தார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவர் வாயை மூடினார், அவள் பென்சிலை எடுத்தாள்.

ஆறு மணிக்கு வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லி, வரைந்ததைத் துணி போட்டு மூடினாள். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். திருகின் மரை வரைக்கும் தெரிந்தது. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கிறுக்கல் என்று சொன்னதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிறகு தாளையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். தாளில் மேல்மூடி இடது மேல் மூலையில். மேசையில் வலது கீழ் மூலையில். தாளில் ஜெட் இருந்த இடத்துக்கு நேர் எதிர் மூலையில் மேசையில் ஜெட்.

அம்மணி வந்து மேசையை ஒரு கையால் பிடித்து அரை வட்டம் சுற்றிவிட்டாள். சக்கரம் சத்தம்கூடப் போடவில்லை. தாளும் மேசையும் ஒன்றாகிவிட்டன.

"காலைல நிழல் தப்பா விழுந்துதுங்க. இன்னொரு படம் வரைய மேசையை மட்டும் திருப்பினேன். ஒண்ணையும் தொடலன்னு சொன்னேனே, நீங்கதான் நம்பல."

மூன்றரை மணி நேரம் வாயை மூடியிருந்த பழக்கத்தில் டிரைவர் அப்படியே வேலையில் இறங்கினார். ஜெட்டிலிருந்து ஆரம்பித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பூட்டி முடித்தார். ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் அவர் முதுகில் தட்டினார். டிரைவர் முழங்காலை மறந்து வீட்டுக்கு ஓடிவந்து, பாஸ் என்று வாசலிலேயே சொன்னார். அம்மணிக்கு நிஜமாகவே முகம் மலர்ந்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. நேத்து இடது காதுதான் முடிஞ்சுது."