டெனிஸ் பெரியப்பாவின் பெஞ்சுக்கு ஒரு வரிசை

ஆல்டர்ஷா,
அக்டோபர், வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மேவிஸ் பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகன் ஜோயல் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், அம்மாவின் இடது கணுக்கால் மட்டும் நலமில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது. அங்கே ஸ்பெயினில் நீங்களும் உங்கள் வெயிலும் கிளைவ் அவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே வெயில் போன மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

நீங்கள் சொன்ன வேலை முடிந்தது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டது ஒரே வரி வேலையில்லை. டெனிஸ் பெரியப்பாவிடம் சொல்லாமல் கிளைவை மணக்கச் சம்மதிக்க மாட்டேன், அவர் பிறந்தநாளன்று ஆல்டர்ஷா பூங்காவுக்குப் போய், ஏரிக்கரையில் அவர் நினைவாக நாம் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்து, பக்குவமாக விஷயத்தைச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று எழுது என்றீர்கள். பெரியம்மா, உயிரோடு இருந்தபோதே அந்த மனுஷன் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரிந்ததில்லை. போகட்டும். கிடங்கில் அடுத்தவர் பார்சல்களைச் சுமக்கும் என் வேலையை ஒருநாள் இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு, நேற்று அம்மாவோடு கிளம்பினேன். கையில் சாமந்திக் கொத்து, ஃப்ளாஸ்க், பொட்டலத்தில் வெள்ளரி சாண்ட்விச்.

பூங்கா முழுக்க மூடுபனி. வாசலைத் தாண்டியதும் உலகத்தை யாரோ பாலில் முக்கிவிட்டதுபோல் ஆகிவிட்டது. மான்களின் உடம்பு தெரியவில்லை, கொம்புகள் மட்டும் மெதுவாக மிதந்து போயின. மாளிகை இருக்கும் பக்கத்தில் மாளிகை இல்லை, மஞ்சள் ஜன்னல்கள் சில மட்டும் ஆகாயத்தில் தொங்கின. நடக்கிறோமா, நின்றுகொண்டு மரங்களைப் போகவிடுகிறோமா என்றே தெரியவில்லை. இவ்வளவு அழகை ஒரு குடும்பம் மட்டும் பார்ப்பதற்காக வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. தன் ஜன்னலிலிருந்து ஏழைகளின் புகைக்கூண்டு தெரிகிறது என்று ஒரு கிராமத்தையே குன்றுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டார் அந்தக் கால மாளிகைக்காரப் பிரபு. தள்ளப்பட்டவர்களில் உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் ஒருவர். பிறகு பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூடி ஊருக்கென்று இதை வாங்கினார்கள். இப்போது நகராட்சி மாளிகையையும் சுற்றுப்புறத்தையும் ஒரு கல்யாணக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. கழிப்பறைக்குப் பூட்டு, டீக்கடைக்குப் பூட்டு, ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி. இதைத்தான் நான் அம்மாவிடம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஊரே சேந்து வாங்கின எடத்த மறுபடியும் மாளிகைக்காரனுக்கே குடுத்துட்டாங்கம்மா, ஒருத்தன் கேட்டானா?" என்று திரும்பினால் அம்மா இல்லை.

அப்படியே இல்லை. பனிதான் இருந்தது. கூப்பிட்டேன். பூமிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஃப்ளாஸ்க் ஒடையலடா!"

ஆடுகள் தன் புல்வெளிக்கு ஏறி வரக்கூடாது, ஆனால் வேலி என்று ஒன்று கண்ணை உறுத்தவும் கூடாது என்று பிரபு ஒரு பள்ளம் வெட்டி வைத்தாரே, கிட்டப் போகும்வரை தெரியாதே, அதற்குள் உங்கள் தங்கை நேராக நின்றிருந்தாள். பாவாடையில் சேறு, தலையில் தொப்பி அப்படியே. தூக்கிவிட்டேன். "ஆட்டுக்குத் தோண்டின குழியில மனுஷி விழுந்தா, அது ஆட்டுக்குத்தான் அவமானம்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள்.

ஏரிக்கரை வந்தது. படகுத்துறையிலிருந்து முதல் பெஞ்சுதானே பெரியப்பாவுடையது. அந்த முதல் பெஞ்சில் ஊதா மழைக்கோட்டு போட்ட ஒரு பெரிய அம்மாள், பின்பலகையில் நன்றாகச் சாய்ந்து, பித்தளைத் தகடு இருக்கும் இடத்தை முழுசாக மறைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். காலடியில் தாழ்வான நாய் ஒன்று.

எழுந்திருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரரிடம் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பிக்கிற ஜாதி அல்லவா நாம். அம்மாவும் நானும் பெஞ்சுக்கு நாலடி தள்ளி, ஏரியைப் பார்ப்பதுபோல் நின்றோம். தண்ணீரில் வாத்துகள் தூங்கிக்கொண்டே நீந்தின. அந்த அம்மாள் ஒருமுறை பார்த்தார், சிரித்தார், திரும்பப் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள். குழந்தை வண்டியோடு ஓர் இளைஞன். அவன் பின்னால் மடித்த பேப்பரோடு ஒரு கிழவர். அவர் பின்னால் சகோதரிகள்போல் இரண்டு பெண்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நின்றார்கள். நாங்கள் நின்ற விதம் அப்படி இருந்திருக்க வேண்டும், பெரியம்மா. நாம் எப்படி நின்றாலும் வரிசையில் நிற்பதுபோல்தான் இருக்கும். பனிக்குள் காதை வைத்துக் கேட்டால் வரிசையின் வால் எங்கோ நீண்டுகொண்டே போனது.

"இங்க என்னங்க குடுக்கறாங்க?"

"தெரியலீங்க. நானும் இப்பத்தான் வந்தேன்."

"சூப்பா இருக்குமோ?"

"சூப்புக்கு ஏன் இவ்ளோ அமைதியா நிக்கறாங்க? கண் டாக்டரா இருக்கும். இலவச முகாம்."

"கண்ணாடிக்குத்தான் நானும் ரொம்ப நாளா எழுதிப் போட்டிருக்கேன். நல்லதாப் போச்சு."

பனியிலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொப்பிகள், பைகள், சால்வைகள். முகம் கடைசியாகத்தான் தெரியும். குன்றுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடப்பட்ட அந்தக் கிராமம் இத்தனை காலம் கழித்து, சத்தம் போடாமல், ஏரிக்கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறதோ என்று தோன்றியது. எனக்குத் தூக்கம் வந்தது. ரொம்ப சந்தோஷமான தூக்கம்.

அதைக் கெடுக்கவே பளிச்சென்ற மஞ்சள் சட்டையோடு ஒருவன் வந்தான். கல்யாணக் கம்பெனி.

"எல்லாரும் கொஞ்சம் அந்த மரங்களுக்குப் பின்னாடி போயிடறீங்களா? பொண்ணு மாப்ளைய ஏரியோட சேத்து போட்டோ எடுக்கணும். பின்னால நீங்க தெரியறீங்க."

என் உடம்பு கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, கண்ணாடிக்கு எழுதிப் போட்ட அம்மாள் கேட்டார்: "மரத்துக்குப் பின்னாடி போனா எங்க எடம் என்னாகறது?"

"எடம்னா?"

"வரிசையில எடம் தம்பி. எனக்கு முன்னாடி இந்த ஐயா. பின்னாடி இவங்க. கலஞ்சு போனா யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு நீ வந்து சொல்லுவியா?"

"மேடம், இது எதுக்கு வரிசைன்னே..."

"எதுக்கா இருந்தா உனக்கென்னப்பா? நீ நின்னியா?" என்றார் பேப்பர் கிழவர். "நிக்கணும்னா பின்னாடி போய் நில்லு."

நூலகத்தை மூடினார்கள், இவர்கள் பேசவில்லை. கழிப்பறையைப் பூட்டினார்கள், வழியில் அடக்கிக்கொண்டார்கள். அரைப் பூங்காவுக்கு வேலி போட்டார்கள், வேலியோரம் நடந்தார்கள். நேற்று ஓர் அங்குலம் நகரவில்லை. இந்த நாட்டில் புரட்சி வந்தால் அது வரிசையாகத்தான் வரும் என்று எனக்குப் புரிந்தது. யாராவது நடுவில் புகுந்தால்தான் அது ஆரம்பிக்கும்.

மஞ்சள் சட்டை போய் மணப்பெண்ணையே அழைத்துக்கொண்டு வந்தான். பனிக்குள் இன்னொரு பனி நடந்து வருவதுபோல் வந்தாள். பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள், கீழே சேற்று ரப்பர் பூட்ஸ். எங்கள் ஊர்ப் பெண், பேச்சிலேயே தெரிந்தது.

"என்னங்க வரிசை இது?" என்று கேட்டாள்.

எல்லாத் தலைகளும் முன்னால் திரும்பின. முன்னால் நான். பெஞ்சிலிருந்த அம்மாள் ஊசிகளை மடியில் வைத்தார்.

"நானும் பாத்துட்டேதான் இருக்கேன். எதுக்குத்தான் நிக்கறே தம்பி?"

சொன்னேன். வேறு வழியில்லை. இது எங்கள் பெரியப்பாவின் பெஞ்சு, பெரியம்மா அவரிடம் ஒன்று கேட்டுவரச் சொன்னார், நீங்கள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தோம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அம்மாவின் சேற்றுப் பாவாடையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கேளு. காது குடுப்பாரு" என்றார்.

நான் பெஞ்சைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்து, "மேவிஸ் பெரியம்மா கிளைவ்னு ஒருத்தரக் கட்டிக்கலாமான்னு கேக்கறாங்க" என்றேன். பனி அதை அப்படியே வரிசையின் வால்வரை எடுத்துப் போனது.

"கிளைவ் என்ன வேல பாக்கறாரு?"

"பஸ் ஓட்டினாரு. இப்ப ஓய்வு."

"பஸ்காரன்னா நேரத்துக்கு வருவான்."

"எந்த ஊரு பஸ்ஸு நீ பாத்தே?"

"சமைப்பாராமா? சமைச்சா கட்டிக்கச் சொல்லு."

"செத்தவர் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க எல்லாம் தீர்ப்பு சொல்றீங்களே" என்று அதட்டினாள் மணப்பெண். ஏரியில் எங்கோ ஒரு மீன் துள்ளிய சத்தம். எல்லோரும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா, சத்தியமாக நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊதாக் கோட்டு அம்மாள்தான் பேசினார், தண்ணீரைப் பார்த்தபடி. "கட்டிக்கட்டும்னுதான் சொல்லுவாரு. ஒத்தையா ஒக்காந்து டீ குடிக்கறது என்னன்னு அவருக்குத் தெரியும். தெனமும் பாக்கறாருல்ல."

மணப்பெண் அழுதுவிட்டாள். அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு ஃப்ளாஸ்க்கைத் திறந்தோம். அந்த அம்மாள் பெயர் திருமதி டாட்டர்சால், சர்க்கரை வேண்டாம் என்றார். அம்மா ஈரக் கண்ணோடு சாமந்திக் கொத்தைப் பின்பலகையில் தகட்டின் மேலேயே கட்டினாள், நான் போட்டோ எடுத்தேன். வரிசையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, பெஞ்சின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுவிட்டு, நின்றதற்குப் பலனாக முன்வரிசைக்கு வந்துசேர்ந்த திருப்தியோடு பனிக்குள் போனார்கள். கண்ணாடிக்கார அம்மாள்கூடக் குறை சொல்லவில்லை. மணமக்கள் போட்டோவை எங்களோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே பெரியப்பாவுக்குப் பூரண சம்மதம். இனி உங்கள் மனசாட்சிக்கு ஒரு தடையும் இல்லை. கிளைவ் அவர்களுக்கு எங்கள் வாழ்த்து. உங்கள் முழங்கால்களும் பால்கனிச் செடிகளும் செழிக்கட்டும். அம்மா உங்களுக்கு முத்தங்கள் அனுப்புகிறாள், நொண்டிக்கொண்டே.

என்றும் உங்கள் சொல்படி நடக்கும்,
ஜோயல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்களுக்கு அனுப்ப அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாமந்திகளுக்கு நடுவே தகடு தெரிகிறது. "வில்ஃப்ரெட் டாட்டர்சால். இவ்விடத்தின் அமைதியை நேசித்தவர்." கையில் கடிதத்தோடு பூங்காவுக்கு ஓடினேன். அந்த அம்மாள் அங்கேதான் இருந்தார். "சொல்லியிருக்கலாமே!" என்றேன். "அவ்ளோ நேரம் நின்னிருந்தே. இது எங்க வீட்டுக்காரரோட பெஞ்சுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிப்பா சொல்றது?" என்றார். பெரியப்பாவின் பெஞ்சு கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கல்யாணப் போட்டோக்களில் தெரிகிறது என்று அங்கே தள்ளிவிட்டார்களாம், அதனால்தான் அடுத்திருந்த வில்ஃப்ரெட்டுடையது முதல் பெஞ்சாகிவிட்டது. பிரபு உயிரோடிருந்தவர்களைத் தள்ளினார், இவர்கள் செத்தவர்களைத் தள்ளுகிறார்கள். நானும் திருமதி டாட்டர்சாலும் குழந்தை வண்டிக்காரனும் தூக்கி வந்து, பழைய இடத்திலேயே, வில்ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோம். மஞ்சள் சட்டை பார்த்தான், வேலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டான். நான் தனியாக உட்கார்ந்து பெரியப்பாவிடம் சொல்லப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. அதை நீங்களே வந்து சொல்லுங்கள், பெரியம்மா. கிளைவையும் கூட்டி வாருங்கள். அதுவரை உங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் தந்திருப்பவர் வில்ஃப்ரெட் மட்டுமே.