சீட்டைத் தொடாத இடுக்கி அண்ணன்

சத்தியம் செய்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம். செய்த சத்தியத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி, அதனாலேயே பக்கத்தில் இருப்பவர்களின் பிராணனை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் இடுக்கி அண்ணன்தான்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்து நிற்கும் எடை மேடை ஒன்றில் நானும் அவரும் சில வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். லாரி ஏறி நிற்கும். மிஷின் எடைச்சீட்டை அடித்துத் தள்ளும். அதைக் கிழித்து டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அண்ணனின் மொத்த உத்தியோகமே அவ்வளவுதான். அதைத்தான் அவர் கையால் செய்ய மாட்டார். வீட்டு அடுப்பங்கரையிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் சீட்டைக் கவ்வி, கொதிக்கிற பாலை இறக்குவதுபோல நீட்டுவார்.

ஒருகாலத்தில் பூலாம்பாடியில் அவர் ரம்மிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாராம். அண்ணியின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போன அன்று, அண்ணி அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூடம் ஏற்றினார். "இனிமே சீட்டத் தொட மாட்டேன்" என்று அண்ணன் அதை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

"அண்ணே, அது வெளையாடுற சீட்டு. இது எடைச்சீட்டுண்ணே" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

"எந்தச் சீட்டுன்னு நான் வெவரமா சொல்லலயே தம்பி. ஆத்தா எல்லாத்தையும் சேத்துக் கணக்குல வச்சிருந்தா?"

பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால், சட்டைப் பையை விரித்துக் காட்டி, "உள்ள போட்டுருங்க சார்" என்பார். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார். காய்ச்சல் அவருக்கு, வரிசை எனக்கு. ஓட்டுப் போட மிஷின் வந்ததில் நாட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவராகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் கைக்கு ஒரு நல்ல போன் வந்து சேர்ந்தது. அதில் ஒரு சண்டை விளையாட்டு. காசு கட்டினால் திரையிலேயே ஒரு பெட்டி தருவான். உள்ளே என்ன என்று திறந்தால்தான் தெரியும். தங்கக் குதிரை இருக்கலாம் என்று ஆசை காட்டுவான். அண்ணனுக்கு வந்ததெல்லாம் தொப்பி. சிவப்புத் தொப்பி, பச்சைத் தொப்பி, கொம்பு வைத்த தொப்பி. திருவிழாவில் கடையே போடலாம்.

"இன்னிக்கு என்னண்ணே வந்துச்சு?"

"தொப்பிதான்" என்பார். உடனே மனசு கேட்காமல், "ஆனா எறகு வச்சது" என்று சேர்த்துக்கொள்வார்.

எடை போட வந்த டிரைவர் ஒருவர் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இது சூதாட்டம்ணே" என்றார்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "சூதுன்னா தோத்தவன் வெறுங்கையோட போவான். இதுல தொப்பியாச்சும் தர்றான்ல? தர்பூசணி வாங்குறோம். செவப்பா வெளுப்பான்னு வெட்டுனாத்தானே தெரியும்? அதுவும் சூதா?"

"வெளுப்பா இருந்தா பழக்காரன் வேற பழம் குடுப்பான். ஒங்க பொட்டிக்காரன் வேற பொட்டி குடுப்பானா?"

அண்ணன் "அடுத்த லாரி வா" என்று குரல் கொடுத்தார். அடுத்த லாரியே அப்போது இல்லை.

சம்பளத்தில் பாதி வீடு போய்ச் சேரவில்லை என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் மூக்கில் வேர்க்காது? ஒரு மத்தியானம் துணிப்பையும் கையுமாக அண்ணி எடை மேடைக்கே வந்துவிட்டார். மேஜைமேல் சூடத்தை வைத்து ஏற்றினார்.

"நான் சீட்டத் தொடல புள்ள. அதெல்லாம் பொட்டி" என்றார் அண்ணன்.

"சீட்ட யாரு கேட்டா? சூது ஆடலன்னு சொல்லி அணைங்க. அணைச்சா நம்புறேன். இல்லன்னா விக்கிரமங்கலம் பஸ் ஏறி எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டே இருப்பேன். திரும்பி வர மாட்டேன்."

டிரைவர்கள் இறங்கி வந்து கூடிவிட்டார்கள். எனக்குப் பயமே இல்லை. தர்பூசணியை வைத்து வாதாடிய மனிதர், அணைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையையும் கொண்டுபோனார். கை நெருப்புக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. "அணைச்சிருங்கண்ணே" என்று கெஞ்சியது யார் தெரியுமா? சூதாட்டம் என்று சொன்ன அதே டிரைவர்தான்.

அண்ணன் அணைக்கவில்லை. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது.

"ஜோக்கரு வருமான்னு சீட்டு உருவுறப்ப நெஞ்சு அடிச்சுக்கும் பாரு, பொட்டி தொறக்குறப்பவும் அப்படித்தான் புள்ள அடிச்சுக்குது. தர்பூசணிக்கு ஒருநாளும் அடிச்சதில்ல. இது சூதுதான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ கெளம்பு" என்றார்.

அண்ணி கிளம்பவில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் போனை எடுத்து அவர் கண்ணெதிரே அந்த விளையாட்டை அழித்தார். அத்தனை தொப்பியும் போயிற்று. போன வேகத்தில் அண்ணனுக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது.

"இன்னொரு சூடம் ஏத்து புள்ள. இனிமே பொட்டியத் தொட மா..."

நான் பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன். தீப்பெட்டி, டிபன் பெட்டி, கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றையும் இனிமேல் யார் எடுத்துக் கொடுப்பது? நான்தானே!

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தியமே வேணாம். வாயால சொன்னீங்கல்ல, அது போதும் எனக்கு" என்றார்.

இந்தப் பெட்டிகளைச் சூதாட்டத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று டிவியில் இப்போது கோட்டுப் போட்டவர்கள் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் தன் குடும்பம் போனாலும் போகட்டும் என்று தனக்கு எதிராகவே சாட்சி சொன்ன ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் பெரம்பலூரில் வேறு ஆபீஸில் இருக்கிறேன். எல்லோரும் ஒழுங்காக, புத்திசாலித்தனமாக வேலை பார்க்கிறார்கள். அவர் பக்கத்தில் இல்லாமல் எனக்குத்தான் ஒன்றுமே ஓடமாட்டேன் என்கிறது.