பூட்டன் கல்யாணமும் தாது வருஷமும்

கணக்கு வராதவன் வரலாற்றில் கை வைக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு இருபத்தேழு வயதில், கன்னிவாடிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில், பொண்ணு வீட்டார் முன்னிலையில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம்.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். (அப்பா வெளியில் சொல்லும்போது "கம்ப்யூட்டர் லைன்".) ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவர் தன் மகளுக்காக என் ஜாதகத்தை வாங்கிப் போய், மூன்று மாதமாக மண்டியில் போட்ட பூசணிக்காய் மாதிரி அப்படியே வைத்திருந்தார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர்களை அப்பா அழைத்தார். "நம்ம வம்சப் பெருமைய அவுக பாக்கணும். ஏதாச்சும் செய்யிடா" என்றார்.

தாத்தாவின் அப்பாவை, அதாவது எங்கள் பூட்டனை, பன்னிரண்டடி ஃப்ளெக்ஸில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். இடது பக்கம் அவர் வாழ்க்கை, வலது பக்கம் அதே காலத்தில் நாட்டில் நடந்தவை. எனக்கு முன்னால் உலகத்தில் யாருக்குமே தோன்றாத யோசனை என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஆதாரம் வேண்டுமே. பரணில் பூட்டனுக்குக் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா இருந்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள்: "தாது வருஷம் ஐப்பசி மாதம்." செல்போனில் தேடினேன். தாது வருஷப் பஞ்சம், 1876, லட்சக்கணக்கில் சாவு என்று வந்தது. பூட்டன் கல்யாணத்தில் மூன்று நாள் ஊருக்கே பந்தி நடந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டையும் சேர்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பஞ்சத்தில் ஊருக்குச் சோறிட்ட வள்ளல்" என்று தலைப்பு வைத்தேன். கல்யாணத்தின்போது இருபது வயது என்று வைத்துக்கொண்டு, பிறப்பு 1856 என்று போட்டேன். (அந்த ஃப்ளெக்ஸுக்காக நான் செய்த ஒரே கழித்தல் அதுதான்.) எதிரே, "சிப்பாய்க் கலகத்தின்போது தவழும் குழந்தை." இறந்த வருடம் மட்டும் எல்லோருக்கும் தெரியும், 1971. அதையும் போட்டேன். அப்பா பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

கும்பாபிஷேகம் முடிந்து பந்திக்கு முன்னால் மைக்கைக் கையில் வாங்கிக் கால் மணி நேரம் பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. பொண்ணு முன்வரிசையில் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

மண்டிக்காரர் எழுந்தார். தக்காளிப் பெட்டியைத் தூரத்தில் பார்த்தே எடை சொல்லிவிடுகிற மனிதர்.

"ஏனுங்க தம்பி, பெரியவரு நூத்திப் பதினஞ்சு வயசு இருந்தாருங்களா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "ஆமாங்க, அந்தக் காலத்துக் கம்பங்கஞ்சி அப்படி" என்றேன், மைக்கிலேயே.

அவர் எங்கள் சின்னத்தாத்தா பக்கம் திரும்பினார். பூட்டனின் இளைய மகன் அவர், உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளை. "ஐயாவுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"எழுவத்தஞ்சு."

"அப்ப உங்க ஐயனுக்கு எம்பத்தி நாலு வயசுல நீங்க பொறந்திருக்கீங்க."

சின்னத்தாத்தா மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஃப்ளெக்ஸ் அருகில் போனார். விரலால் தடவித் தடவி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, எங்கப்பன விடு. இதுப்படி பாத்தா எங்காத்தா எம்பது வயசுலயா என்னயப் பெத்தா? இல்ல, நான் வேற எங்கயாச்சும் பெறந்து வந்தேங்கிறியா?"

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் எச்சில் விழுங்கிய சத்தம் கன்னிவாடி மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு? வருசம் அறுவதும் சுத்திச் சுத்தி வரும்டா. நீ சொல்ற பஞ்சம் முந்துன தாது. எங்கப்பன் கல்யாணம் அதுக்கு அறுவது வருசம் கழிச்சு வந்த தாது."

நான் விடவில்லை. "ஆனா மூணு நாள் சோறு போட்டது நெசந்தான தாத்தா?"

"போட்டாரு. ஐப்பசி மழையில குடகனாத்துல வெள்ளம். வந்த சனம் ஊரு திரும்ப முடியல. மொத நாளு விருந்து, ரெண்டாம் நாளு ரசஞ்சோறு. மூணாம் நாளு கஞ்சிதான், தொட்டுக்க வெஞ்சனங்கூட கெடையாது. எங்கப்பன் சாகுற வரைக்கும் அந்த ஆத்த வஞ்சுக்கிட்டே இருந்தாரு."

முதலில் சிரித்தது அந்தப் பொண்ணுதான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு பந்தலே சிரித்தது. வெட்கம் தாங்காமல் நான் சமையல் கொட்டகைக்குள் போய், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். சம்பந்தம் போனது போனதுதான் என்று அழுகையே வந்துவிட்டது. (வெங்காயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது உரிக்காத வெங்காயம்.)

நான்காம் நாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்தது. மண்டிக்காரர் அப்பாவிடம், "பையனுக்குக் கணக்குச் சுத்தமா வரலீங்க. பொய் சொல்றவனுக்குக் கணக்கு வந்தே ஆகணும். அதனால நம்பிப் பொண்ணு குடுக்கலாமுங்க" என்றாராம். இதைவிட மோசமான நற்சான்றிதழை நான் இதுவரை வாங்கியதில்லை.

பத்திரிகை அடிக்கும்போது, பிழை பார்க்கும் பொறுப்பைச் சின்னத்தாத்தா தானே எடுத்துக்கொண்டார். நான்கு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தவர், ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தம் செய்தார். அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியும் கேட்கவில்லை. அறுநூறு பத்திரிகையிலும் அப்படியே அச்சானது. அதில் ஒன்றை இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மனைவி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாள்:

"நிகழும் மங்களகரமான மன்மத வருஷம் (இந்தச் சுற்று) தை மாதம்..."